ஆறுமுகத்தின் ஐந்தாவது முகம்

போன வாரம் ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் ஒரு பெண்ணிடம் திட்டு வாங்கினேன். அவள் கொடுத்த டோக்கன் சீட்டை, என் முறை வருவதற்குள், முக்கோணமாக மடித்து, அதை மறுபடி மடித்து, எண்ணே வெளியில் தெரியாதபடி செய்துவிட்டேன். "ஆன்ட்டி, நம்பர் எங்கே?" என்று கேட்டாள். ஒரு மூலையைப் பிடித்து இழுத்து எண்ணை வெளியே வரவழைத்துக் காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குத்தான் வந்தது.

நம் வயதுக்காரர்களுக்குக் காகிதத்துக்குப் பஞ்சமே இல்லை, கவனித்தீர்களா? மருந்துச் சீட்டு, ஸ்கேன் உறை, கல்யாணப் பத்திரிகை, இருக்கிறோமா இல்லையா என்று வருடா வருடம் பென்ஷனுக்கு நிரூபிக்கும் படிவம். நீங்கள் இவற்றை எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒழுங்காக வைத்திருப்பீர்கள். என் வீட்டில் ஒன்றுகூட மடிப்பில்லாமல் இருக்காது. டாக்டரே ஒரு முறை என் கோப்பைப் பார்த்துவிட்டு, "வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்று சொன்னேன். பொய் இல்லை. புனேவின் ஔந்துப் பகுதியில், ஒரு ஜனவரி மாதத்தில், பத்து வயதில் மாட்டிக்கொண்ட பிள்ளை அது. இன்னும் வெளியே வரவில்லை.

நாங்கள் திருநெல்வேலியிலிருந்து புனேவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மூன்று மாடிக் கட்டடத்தில் நடு மாடி. மேல்மாடியில் என் வகுப்புத் தோழி, மராத்திப் பெண். அவளும் நானும் ஹிந்தி, மராத்தி, தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழைத்துப் பேசிக்கொள்வோம். எங்கள் இரண்டு அம்மாக்களுக்கும் அது பாதிதான் புரியும், எங்களுக்கு அதுவே வசதி.

அப்பாவுக்கு போசரியில், இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. சேர்ந்து ஐந்து மாதம்தான். ஆறாவது மாத முடிவில்தான் நிரந்தரமா, நடையைக் கட்டுவதா என்று சொல்வார்கள். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆறு மாதமும் அம்மா சத்தமாக ஒரு பாத்திரத்தைக்கூட வைக்கவில்லை.

அப்பாவின் வேலையிலிருந்து எங்களுக்குக் கிடைத்த செல்வம் தாள். வரைபடத் தாளின் வலது கீழ் மூலையில்தான் படத்தின் எண், பெயர், தேதி எல்லாம் இருக்கும். படம் தப்பாகிவிட்டால், அல்லது பழசாகிவிட்டால், அந்த மூலையை வெட்டிவிடுவார்கள். மூலை போனால் அந்தத் தாளை யாரும் மதிக்க மாட்டார்கள். அப்படி மூலை போன தாள்களை அப்பா சுருட்டிக் கொண்டுவந்து இரும்புப் பெட்டியின் மேல் போடுவார். ஒரு பக்கம் பென்சில் கோடுகள், மறு பக்கம் பால் மாதிரி வெள்ளை. கனமான தாள், மடித்தால் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். வீட்டில் அதற்கு ஒரே ஒரு சட்டம்.

"மூலை வெட்டினது உங்களுக்கு. மூலை முழுசா இருந்தா தொடப்படாது, ஆமா."

நான் ஒரு நாளும் அந்தச் சட்டத்தை மீறியதில்லை. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

பேல்பூரிக்காரர் ஒருவர் பள்ளி வாசலில் நிற்பார். பொரியும் புளிச்சட்னியும் கலந்து, பழைய ஆங்கிலப் பத்திரிகைத் தாளைக் கூம்பாகச் சுற்றி அதில் கொடுப்பார். ஒரு நாள் தின்று முடித்துக் கூம்பைப் பிரித்தால், உள்ளே ஒரு படம். நீளமான பட்டை, அதில் வரிசையாகப் பத்தொன்பது முக்கோணங்கள். ஒரு பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள். மறு பக்கம் நான்கு நான்கு, ஐந்து ஐந்து, ஆறு ஆறு. நான்கும் நான்கும் ஒட்டும்படி, ஐந்தும் ஐந்தும் ஒட்டும்படி மடித்துச் சுருட்டி, பிறகு அறுகோணமாக வளைத்து, நுனியை ஒட்டு. அவ்வளவுதான். புளித் தண்ணீர் பட்டு ஈரமாகியிருந்த அந்தத் தாளை நாங்கள் சாலையோரச் சுவரில் விரித்து, எழுத்துக் கூட்டிப் படித்தோம்.

வீட்டுக்கு ஓடிச் செய்தோம். சோற்றுப் பசைதான். அறுகோணம் கைக்குள் அடங்கியது. மேலே எல்லாம் ஒன்று. ஒரு மூலையைக் கிள்ளி, எதிர் மூலையை உள்ளே தள்ளினால், நடுவில் வாய் திறந்து, பூ மலர்வது போல விரிந்தது. ஒன்றைக் காணோம்! எல்லாம் இரண்டு! மறுபடி கிள்ளினால் மூன்று. தோழி அலறிய அலறலில் அவள் அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள், யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று.

ஆனால் நான்கும் ஐந்தும் ஆறும் எங்கே? அவற்றை எழுதி உள்ளே போட்டது நாங்கள்தான். இருக்கிறது என்று தெரியும், வரமாட்டேன் என்கிறது. எப்படி வரவழைப்பது என்பது அடுத்த பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் யார் பேல் தின்றார்களோ! ஒரு வாரம் முழுக்கக் கையிலிருந்த காசெல்லாம் பேலுக்குப் போனது. கிடைத்ததெல்லாம் சோப்பு விளம்பரமும் கிரிக்கெட்டும். கடைசியில் நாங்களேதான் கண்டுபிடித்தோம். ஒரு மூலையைப் பிடித்தால் அது திறக்கிற வரைக்கும் அதையே திறக்க வேண்டும். அது அடம்பிடித்தால்தான் பக்கத்து மூலைக்குப் போக வேண்டும். அப்படிப் போனபோது, ஒரு சனிக்கிழமை, பள்ளி மணி அடிக்கிற நேரத்தில், நான்கு வந்தது. அன்று பாடத்தில் என்ன நடந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. பிறகு ஆறு. ஐந்து மட்டும் எப்போதாவதுதான், நினைத்தபோது வராது.

ஆறு முகம் இருந்ததால் நான் அதற்கு ஆறுமுகம் என்று பெயர் வைத்தேன். தோழி வாயில் அது "ஆர்முக்" ஆனது.

சங்கராந்தி வந்தது. மராத்திக்காரர்கள் வீட்டில் அந்த நாட்களில் ஹளதிகுங்கு நடக்கும். சுமங்கலிகளைக் கூப்பிட்டு மஞ்சள் குங்குமம் கொடுத்து, எள்ளுருண்டை கொடுத்து, கூடவே ஒரு சின்னப் பொருளும் கொடுப்பார்கள். அந்தப் பொருளுக்கு வாண் என்று பெயர். சீப்பு, கிண்ணம், ஊசி டப்பா, எதுவானாலும் சரி. இரண்டு வருடமாக அம்மா எல்லார் வீட்டிலும் வாங்கி வந்துகொண்டிருந்தாள். இந்த வருடம் நம் வீட்டிலும் வைக்க வேண்டும் என்று தீர்மானித்தாள். மேல்வீட்டுத் தோழியின் அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணமாகி, வானவடியில் மாமியார் வீடு. மாமனார் பட்டாளத்தில் இருந்தவர். கல்யாணமாகி முதல் சங்கராந்தி என்பதால் அந்த அக்காவையும் அவசியம் கூப்பிட வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள்.

சனிக்கிழமை மதியம் அம்மா சீப்புகளை எண்ணிவிட்டுத் தலையில் கை வைத்தாள். கூப்பிட்டவர்களைவிடச் சீப்பு குறைவு.

"நாங்க ஆறுமுகம் செஞ்சு தாரோம்மா," என்றேன்.

"காயிதத்தப் போயா குடுக்க?"

"மஞ்சளும் குங்குமமும் பூசித் தாரோம். பாருங்க."

பெட்டியின் மேல் தேடினோம். மேலாக ஒரு புதுத் தாள் சுருண்டு கிடந்தது. நல்ல தாள், பெரியது. விரித்துப் பார்த்தேன். வலது கீழ் மூலை இல்லை. எங்களுடையது. ஒன்பது பட்டைகள் வந்தன. வெள்ளைப் பக்கத்து முக்கோணங்களில் ஒன்றுக்கு மஞ்சள் குழைத்துப் பூசினோம், இரண்டுக்குக் குங்குமம், மூன்றுக்குத் துணிக்குப் போடும் நீலம். கோடு போட்ட பக்கம் எப்படியும் உள்ளே போய்விடும், அதனால் அதில் ஒன்றும் பூசவில்லை. விரலெல்லாம் மூன்று நிறம், மூக்கில் மஞ்சள் வாசனை. காய்வதற்குள் பெண்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். ஏழு கட்டடத்துப் பெண்களுக்குப் போனது. ஒன்று வானவடி அக்காவுக்கு. சங்கராந்திக்கு அவர்கள் வழக்கப்படி கறுப்புப் புடவை கட்டி, எள்ளில் சர்க்கரை பூசிச் செய்த நகைகளைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் வந்திருந்தாள். மஞ்சள் சிவப்பானதும் சிவப்பு நீலமானதும் கண்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மாவுக்குப் பெருமை பொறுக்கவில்லை. "எம் புள்ள செஞ்சது, எம் புள்ள," என்று தமிழிலேயே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா காப்பி குடித்துவிட்டுப் பெட்டியருகே போனார்.

"ஏளா, மேல ஒரு தாளு வச்சிருந்தேனே. எங்க?"

"எந்தத் தாளு? அங்கன பூராவும் தாளாத்தான கெடக்கு."

"வெள்ளிக்கிழம கொண்டாந்தது."

அப்பா ஒவ்வொன்றாக விரித்தார். பெட்டிக்குப் பின்னால் பார்த்தார். பாயை உதறினார். அவர் குரல் மாற ஆரம்பித்தது.

"நேத்து ரத்திக்காரன் வந்தானா?"

பழைய பேப்பர் வாங்குகிறவரை அங்கே ரத்திக்காரன் என்போம். வந்திருந்தான். ஹளதிகுங்குவுக்கு வீட்டை ஒழிக்கிறேன் என்று அம்மா ஒரு கட்டுப் பேப்பரைத் தூக்கிப் போட்டிருந்தாள்.

"பாத்தா போட்ட?"

பார்த்துத்தான் போட்டாளா என்று அம்மாவுக்கே நிச்சயம் இல்லை. அப்பா கத்தத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை அவரை வெளியூரில் ஒரு சர்க்கரை ஆலைக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே உடைந்துபோன பழைய இயந்திரத்தின் ஒரு பாகத்தை அளந்து, படம் போட்டு வந்திருந்தார். அளந்த அன்றே அந்தப் பாகம் உருக்கப் போய்விட்டது. உலகத்தில் அதற்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு தாள்தான்.

"நாளக்கிக் காலைல அது மேஜையில இல்லன்னா எனக்கு வேல கெடையாது. வெளங்குதா? மூட்டையக் கட்டிட்டு ஊருக்குப் போவ வேண்டியதுதான். படிச்சவன் கொண்டு வந்து போட்டா, படிக்காதவ தூக்கி ரத்தில போடுதா!"

எள்ளுருண்டை கொடுத்து, இனிமையாகப் பேசு என்று ஊரே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பண்டிகை அது. எங்கள் வீட்டுத் தட்டில் எள்ளுருண்டை பாக்கி இருந்தது. அம்மா சுவரில் சாய்ந்து நின்றாள். தானேதான் தொலைத்துவிட்டதாக அவள் நம்பிவிட்டாள். இன்று நினைத்தாலும் எனக்கு அந்த முகம்தான் பொறுக்க முடியவில்லை.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? மூலையில் உட்கார்ந்து ஆறுமுகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பயத்தில் கை தானாகத் திருப்பியது. அந்தத் தாளுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் தேடியது முழுத் தாள். நான் எடுத்தது மூலை போன தாள்.

"இங்க வீடு பத்தி எரியுது, நீ வெளையாடுதியா?"

அப்பா என் கையிலிருந்து அதைப் பிடுங்கினார். எறியப் போனவர் எறியவில்லை. கோடு கிழிக்கும் கை அல்லவா, மடிப்பைக் கண்டதும் விரல் தானாக மூலையைக் கிள்ளிவிட்டது. மஞ்சள். சிவப்பு. "ரத்திக்காரன் எந்தப் பக்கம் போவான்? சொல்லு!" நீலம். மஞ்சள். அம்மாவிடம் கத்திக்கொண்டே திருப்பினார். பக்கத்து மூலைக்குப் போனார். பூ விரிந்தது.

நிறம் இல்லை. பென்சில் கோடுகள். நடுவில் ஒரு ஏழு.

அப்பா ஏழு போடும்போது நடுவில் குறுக்காக ஒரு கோடு இழுப்பார். ஒன்றோடு குழம்பிவிடக் கூடாது என்று படம் வரைகிறவர்கள் அப்படித்தான் போடுவார்கள். எங்கள் கட்டடத்தில் வேறு யாரும் அப்படி ஏழு போட மாட்டார்கள். அப்பா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எங்கட்டி எடுத்த இத?"

"பெட்டி மேலப்பா. மூலை வெட்டினதுதான்ப்பா எடுத்தேன்."

"நான் வெட்டவே இல்லியே."

"இல்லப்பா, மூலை இல்ல. நெசமா இல்ல."

"பொய் சொல்லாத. தொட்டது ஒரு தப்பு, பொய் சொல்லுதது ரெண்டாவது தப்பு."

அவர் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். பொய் சொல்லாதே என்று அப்பா எனக்கு அதற்கு முன் சொன்னதே இல்லை. மூலை இருந்ததா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அழுதுகொண்டே மிச்சம் எட்டும் எங்கே போயிற்று என்று சொன்னேன். அம்மா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

அதன் பிறகு நடந்ததை ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். வாணைத் திருப்பிக் கேட்பது மரியாதை இல்லை. ஆனால் கட்டடத்தில் அது ஒவ்வொன்றும் ஏற்கெனவே பிள்ளைகள் கைக்குப் போய்விட்டது, பிள்ளைகளிடம் பேரம் பேசலாம். தோழியும் நானும் படிகளில் ஏறி இறங்கினோம். என் ரிப்பன் போனது, அவள் கோலிக்குண்டுகள் போயின, கீழ்வீட்டுப் பையனுக்கு ஒரு மாதம் கணக்குப் பாடம் எழுதித் தருகிறேன் என்று சத்தியம் செய்தேன். ஒரு மணி நேரத்துக்குள் ஏழும் வந்துவிட்டன! வீட்டில் இருந்ததோடு எட்டு. வெந்நீர் ஆவியில் காட்டிப் பசையை இளக்கி, பட்டைகளைப் பிரித்து, தரையில் வரிசையாக வைத்தோம். மஞ்சள் பக்கம் கீழே, கோடு பக்கம் மேலே. அப்பா முழங்காலில் நின்று ஒவ்வொன்றாக நகர்த்தினார். இயந்திரம் தரையில் மெல்ல எழுந்து வந்தது. எனக்குப் பயம் போய், ஒரு குதூகலம் வந்துவிட்டது. இதைச் சொல்லக் கூடாது, ஆனால் உண்மை.

நடுவில் ஒரு பட்டை அகலத்துக்கு இடைவெளி. பெரிய துளையின் பாதி மேலே, பாதி கீழே. விட்டம் எழுதிய இடம் அந்த இடைவெளியில்.

"வானவடி," என்றாள் தோழி.

அக்கா சனிக்கிழமை இரவே மாமியார் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். தோழி அங்கே அக்காவின் கல்யாணத்தின்போது ஒரே ஒரு முறை டெம்போவில் போனதுதான், வழி தெரியாது. அவள் அப்பா வெளியில் போயிருந்தார்.

"விலாசம் எங்கிட்ட இருக்கு," என்றார் அப்பா. வெள்ளிக்கிழமை மாலை, சர்க்கரை ஆலையிலிருந்து வந்து இறங்கியபோது, படியில் தோழியின் அப்பாவைப் பார்த்தாராம். ஹளதிகுங்குவுக்கு நேரில் போய் அழைப்பதற்காக அவரிடம் கேட்டு எழுதி வைத்தாராம். அதற்குள் அந்த அக்காவே பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டதால் போக வேண்டியிருக்கவில்லை.

ஸ்கூட்டரில் நான் முன்னால் நின்றேன், தோழி பின்னால் உட்கார்ந்தாள். ஜனவரிக் குளிர் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. ஔந்திலிருந்து வானவடிக்கு ஊரின் ஒரு முனையிலிருந்து மறு முனை. அப்பா அவ்வளவு வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. பட்டாளத்துக் குடியிருப்புகள் தொடங்கும் இடத்தில், ஒரே மாதிரி வெள்ளைச் சுவர்களுக்கு நடுவில் நின்று, ஸ்கூட்டரின் முன்பெட்டியைத் திறந்து, துடைக்கும் துணிக்கு அடியிலிருந்து விலாசச் சீட்டை எடுத்தார்.

நான் அவர் கைகளுக்கு நடுவில் நின்றிருந்தேன். சீட்டு என் மூக்குக்கு நேராக வந்தது.

கனமான தாள். பால் வெள்ளை. இரண்டு பக்கம் நேர்கோடு, ஒரு பக்கம் கிழித்தது. முக்கோணம். படத்தின் எண் எழுத வேண்டிய கட்டம், எண் இல்லாமல், காலியாக. அந்தக் கட்டத்துக்குள் தோழியின் அக்கா வீட்டு விலாசம், அப்பா கையெழுத்தில். வீட்டு எண்ணில் ஒரு ஏழு, குறுக்குக் கோட்டோடு.

படியில் நின்று விலாசம் கேட்டவர், கையில் வேறு தாள் இல்லாததால், கக்கத்தில் இருந்த சுருளின் மூலையைக் கிழித்திருக்கிறார். நாள் முழுக்க அந்த வேலையைச் செய்யும் கை, யோசிக்காமல் செய்துவிட்டது.

அப்பா சீட்டைப் பார்த்தபடி நின்றார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்பி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் ஜெயித்துவிட்டேன் என்று ஆகிவிடும், அது எனக்கு வேண்டியிருக்கவில்லை. பின்னாலிருந்து தோழி, "காகா, என்ன ஆச்சு?" என்றாள். அப்பா சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

கதவைத் திறந்தது அக்காவின் மாமியார். நெற்றியில் ரூபாய் அளவுக் குங்குமம், ஒன்பது கஜப் புடவை, ராணுவத்தில் இருந்தது கணவனா இவளா என்று தோன்றும் நிமிர்வு. அப்பா தன் ஹிந்தியில் விஷயத்தைச் சொன்னார். மாமியார் கேட்டுவிட்டு மராத்தியில் சொன்னாள்.

"புது மருமகளுக்கு முதல் சங்கராந்தி. அவளுக்கு வந்த வாணைத் திருப்பித் தர்றதா? நடக்காது."

அக்கா அவள் முதுகுக்குப் பின்னால் கையைப் பிசைந்தாள். அப்பா மறுபடி கெஞ்சினார். வேலை என்றார், குழந்தை என்றார். மாமியார் அசையவில்லை.

மராத்தியில் பாட்டியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு, நான்தான் சொன்னேன். "திருப்பித் தர வேண்டாம் ஆஜி. பிரிக்கவும் வேண்டாம். இங்கேயே வைத்து முகத்தை மட்டும் திறந்து காட்டுகிறோம். அப்பா பார்த்து எழுதிக்கொள்வார்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய் எடுத்து வந்தாள். பூஜை அறையிலிருந்து வரும் என்று நினைத்தேன். தலையணைப் பக்கத்திலிருந்து வந்தது.

நடு அறையில் தரையில் உட்கார்ந்தோம். தோழியும் நானும் மாறி மாறித் திருப்பினோம். நான்கு வந்தது. அப்பா குறிப்பேட்டில் ஆறு முக்கோணத்தையும் அப்படியே வரைந்துகொண்டார். ஆறு வந்தது. வரைந்துகொண்டார். துளை இல்லை, விட்டம் இல்லை. எல்லாம் ஐந்தில்தான்.

ஐந்து வரவில்லை. மஞ்சள், சிவப்பு, நீலம், மஞ்சள். வியர்வையில் குங்குமம் கரைந்து விரலில் ஒட்டியது. தோழி பிடுங்கிப் பார்த்தாள். மறுபடி நான்கு. மறுபடி மஞ்சள். அப்பாவின் பென்சில் தாளின் மேல் நின்றபடியே இருந்தது. ஊருக்குப் போகும் ரயிலும், அம்மாவின் முகமும் ஒன்றாக வந்தன.

"கொடு இப்படி," என்றாள் மாமியார்.

வாங்கினாள். புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்தாள். கிள்ளினாள், திறந்தாள். கிள்ளினாள், திறந்தாள். நாங்கள் இரண்டு வாரம் முட்டி மோதியதை அவள் கை வெற்றிலை மடிப்பது போலச் செய்தது. "நீங்க அவசரப்பட்டு மூலையை மாத்துறீங்க. சிவப்பு வந்ததும் அதே மூலையை இன்னொரு தடவை திறக்கணும். இது நேத்து ராத்திரி மூணு தடவை எனக்கு வந்துச்சு," என்றாள். மலர்த்தி எங்கள் முன் நீட்டினாள்.

ஐந்து! அரை வட்டங்கள் சேர்ந்து நின்றன, அவற்றின் நடுவில் நூற்றுப் பதினேழு, குறுக்குக் கோட்டு ஏழோடு.

தோழியும் நானும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அக்கா சிரித்தாள். மாமியாரும் சிரித்துவிட்டாள், பல்லெல்லாம் தெரிய. வழக்கம், சம்பிரதாயம் என்று நாங்கள் பயந்ததெல்லாம் வீண். அவளுக்கு அந்தப் பொம்மையை விட மனமில்லை, அவ்வளவுதான். பெரியவர்களுக்கும் அப்படி ஒரு ஆசை உண்டு என்பது பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை. இப்போது நன்றாகத் தெரிகிறது. ஒன்பதில் மிஞ்சிய ஆறுமுகம் அது ஒன்றுதான். மடிப்பெல்லாம் கிழிந்து போகும் வரை அவள் யாரையும் தொடவிடவில்லை என்று தோழி பிற்பாடு சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா புதுத் தாளை விரித்தார். குறிப்பேட்டில் இருந்த முக்கோணங்கள் கலைந்து கிடந்தன. பட்டையில் எது பக்கத்தில் எது என்று அவருக்குத் தெரியாது. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். நாலு நாலு, அஞ்சு அஞ்சு, ஆறு ஆறு. அவர் கேட்டுக் கேட்டு வரைந்தார். பொழுது சாயும் முன் படம் முடிந்தது. அப்பா என்னிடம் அதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அம்மாவிடமும் பேசவில்லை. அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள், அவர் குடித்தார்.

நான் காத்திருந்தேன். மூலையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று. சாப்பிடும்போது சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஜெயிக்க வேண்டாம் என்று ஸ்கூட்டரில் நினைத்தவள்தான், ஆனால் இரவில் எனக்குக் கோபமாக வந்தது. எனக்காகக்கூட இல்லை. படிக்காதவள் என்று அம்மாவைச் சொன்னாரே, அதற்காக.

திங்கட்கிழமை மாலை அப்பா வந்தார். படம் சரியாக இருந்ததாம். மாத முடிவில் வேலையும் நிரந்தரமானது, ரிட்டையர் ஆகும் வரை அதே மேஜைதான். ஆனால் அன்று மாலை அதையெல்லாம் அவர் சொல்லவில்லை. கையில் ஒரு சுருள். பிரித்து என் முன்னால் தரையில் விரித்தார். புத்தம் புதுத் தாள். ஒரு கோடு இல்லை, ஒரு மடிப்பு இல்லை, நான்கு மூலையும் முழுசாக.

நான் கையை எடுத்துக்கொண்டேன். மூலை முழுசாக இருந்தால் தொடக் கூடாது.

"ஏளா, கத்தரியக் கொண்டா," என்றார்.

அம்மா அடுக்களையிலிருந்து கத்தரிக்கோலைக் கொண்டுவந்து நின்றாள். அப்பா குனிந்து, அந்தப் புதுத் தாளின் வலது கீழ் மூலையை, நிதானமாக, ஒரு முக்கோணமாக வெட்டினார். தாளை என் பக்கம் தள்ளினார். வெட்டிய மூலையை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

"இது எதுக்கு?" என்றாள் அம்மா.

"வச்சுக்க. இனிமே நான் வெலாசம் எழுதணும்னா ஒங்கிட்ட கேட்டு வாங்கிக்கிடுதேன்."

அம்மா அந்த மூலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். விலாசம் எழுத அந்த மூலையைக் கிழித்தது அவர்தான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மூலையை இரண்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அந்த எள்ளுருண்ட இன்னும் ரெண்டு கெடக்கு, திங்கியளா?" என்று கேட்டாள்.